தாத்தா காலத்துக் கைச்சாணை (20 அங்குல மணற்கல், கீழே தண்ணீர்த் தொட்டி) ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. படகு வேலைக்கான உளி, வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) தீட்ட மறுபடி ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் முதலில் கல்லைத் தட்டிப் பாருங்கள். காய்ந்திருக்கும்போதே மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘டொப்’ என்றால் உள்ளே விரிசல், அதை ஓட்டாதீர்கள். நனைந்த கல் எப்படியும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

அடுத்து அச்சு. சதுர அச்சில் மர ஆப்பு அடித்திருந்தால் கவனம். தண்ணீர் குடித்து ஆப்பு உப்பினால் கல் நடுவில் பிளந்துவிடும். ஆப்பு கல்லை நடுவில் நிறுத்துவதற்குத்தான், பிடிமானத்தை இரண்டு பக்க இரும்புத் தட்டுகள் தரட்டும். தட்டுக்கும் கல்லுக்கும் இடையே தோல் அல்லது ரப்பர் வாஷர் வையுங்கள்.

உங்கள் ஊரில் இந்தக் கல்லுக்குப் பெரிய எதிரி உப்பு. கடல் தண்ணீரும் வேண்டாம், உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். கல்லின் நுண்துளைகளுக்குள் போன உப்பு, காயும்போது படிகமாகிப் பரப்பைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். அச்சும் துருப்பிடிக்கும். மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ போதும்.

தொட்டியில் தண்ணீர் விட்டு அப்படியே போய்விடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஊறிய பாதி மெத்தென்று ஆகி வேகமாகத் தேயும், ஊறாத பாதி மேடாக நிற்கும், கல் கோணிவிடும். இதற்குத் தொட்டியே வேண்டாம் என்பேன். தகர டப்பாவில் ஆணித் துளை போட்டு மேலே தொங்கவிடுங்கள், சொட்டுச் சொட்டாக விழட்டும். வேலை முடிந்ததும் சொட்டை நிறுத்தி, கல் தண்ணீரை உதறும்வரை இரண்டு நிமிடம் சும்மா சுற்றுங்கள்.

ஏற்கெனவே கோணியிருந்தால், சுண்ணக்கட்டியை ஓரிடத்தில் அசையாமல் பிடித்துக் கல்லைச் சுற்றினால் மேடு மட்டும் வெள்ளையாகும். தாங்குகட்டையில் (தீட்டும்போது கருவியைத் தாங்கும் கட்டை) சாதா இரும்புக் குழாயை அழுத்தி, மெல்ல உருட்டியபடி அந்த மேட்டைத் தேய்த்து எடுங்கள். ஈரத்தோடு செய்தால் நேரமாகும்தான், ஆனால் உலர்ந்த மணற்கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று போதும். 1440 சுற்று மோட்டாரை நேரடியாக மாட்டினால் கல் வெடித்துச் சிதறும். மெதுவாகச் சுற்றி நனைத்துத் தீட்டுவதில்தான் இரும்பின் பதம் (கடினம்) இறங்காமல் இருக்கிறது. வெட்டும் வாய் ஒருமுறை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் மெத்தென்று போய்விடும்.

உளிக்குச் சரிவு 30 பாகை. கணக்கு எளிது: தகட்டின் கனம் 5 மி.மீ. என்றால் சரிவின் நீளம் 10 மி.மீ. உளியைக் கல்லின் முழு அகலத்துக்கும் நகர்த்திக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் வைத்தால் பள்ளம் விழும். வாய்ச்சிக்கு உட்பக்கச் சரிவு மட்டும்தான். பிடி கழலுமென்றால் கழற்றிவிட்டே தீட்டுங்கள். மறுபக்கம் விரலில் பிசிறு தட்டியதும் நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கல்லில் முடியுங்கள்.

பனையேறியின் பாளை அரிவாளை மட்டும் இதில் வைக்காதீர்கள். அந்த மெல்லிய வாயைச் சாணை தின்றுவிடும், அதற்குப் பலகையும் வெள்ளைக்கல் பொடியும்தான் சரி.

தீட்டிய கருவியை உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள், கடல்காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். சாணைக்கல்லில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பட்ட இடம் வழுக்கும், இரும்பைப் பிடிக்காது.