முதலில் தண்ணீர், பிறகு சத்தம்: பழைய கார் கேள்வி-பதில்

காவடி எடுக்கும் நாளில் நம் தென்னாப்பிரிக்கக் கோயில் வாசலில் காலை முதல் மாலை வரை வெயிலில் நின்ற வண்டிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆகவே இந்தத் தடவை சூட்டைப் பற்றிய கேள்விகள் அதிகம். காரின் பெயரையும் ஆண்டையும் எழுதாதவர்களுக்கு அடுத்த முறையும் பதில் கிடைக்காது. இதை எத்தனை முறை சொல்வது?

டோங்காட்: என் 1977 மெர்சிடிஸ் கறுப்பு நிறம். கூரையைத் தொட முடியவில்லை. வீட்டுக் கூரைக்கு அடித்ததில் மிஞ்சிய வெள்ளித்தாள் இருக்கிறது. ஒட்டலாமா? பளபளப்பு மேலேயா, கீழேயா?

பளபளப்பு காற்றைப் பார்த்திருக்க வேண்டும். மேலே, கீழே என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வெள்ளித்தாளைத் தகரத்தோடு அப்பி ஒட்டினால் அது சூட்டைத் தடுக்காது. அலுமினியம் சூட்டை நன்றாகவே கடத்தும். கூரைத் துணிக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தால்தான் அதற்கு வேலை.

சரியான வரிசை இதுதான். கூரைத் துணியை இறக்கித் துருவைத் தேய்த்து எடுங்கள். அதிர்வை அடக்க பியூட்டில் (அலுமினிய முகம் உள்ள, ஒட்டும் ரப்பர் மாட்) துண்டுகளைத் தகரத்தின் நடுப்பகுதியில் ஒட்டுங்கள்; மொத்தப் பரப்பில் கால்வாசி போதும். அதன்மேல் 5 அல்லது 6 மில்லிமீட்டர் க்ளோஸ்டு செல் ஃபோம், அதாவது தண்ணீர் குடிக்காத நுரைத்தாள். வெள்ளித்தாள் போட்டே தீருவேன் என்றால் ஃபோமின் கீழ்முகத்தில், இடைவெளியைப் பார்த்தபடி போடுங்கள். கறுப்புத் தகரம் நம் வெயிலில் 70, 80 டிகிரிக்குப் போகும். சாதாரண கான்டாக்ட் பசை 60-ஐத் தாண்டினாலே இளகும். சூடு தாங்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள். தார் கலந்த ஒட்டு மாட்டைக் கூரையில் ஒட்டவே வேண்டாம். முதல் கோடையில் நாறும், இரண்டாவது கோடையில் தலையில் விழும்.

இத்தனையும் செய்தாலும், நிறுத்தி வைத்த கார் உள்ளே வேகத்தான் செய்யும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் கொட்டுவது ஏறக்குறைய 1,000 வாட். உங்கள் முன்கண்ணாடி ஒன்றே அரை சதுர மீட்டருக்கு மேல். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த்: மகன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. மாப்பிள்ளை கார் சத்தமில்லாமல் போக வேண்டும். எவ்வளவு மாட் வாங்க வேண்டும்?

எந்தக் கார்? எந்த ஆண்டு? சத்தம் எந்த வேகத்தில், எங்கிருந்து வருகிறது? ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: நான்கு கதவு ரப்பர்களையும் மாற்றுங்கள். மணமக்களுக்கு வாழ்த்துகள்.

இசிபிங்கோ: 1974 மினி. அரை மணி நேரம் ஓட்டினால் இடது கால் வேகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் எதைப் போடலாம்?

கார்ப்பெட்டுக்கு அடியில் எதையும் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். மினியில் புகைக்குழாய் தரை நடுவிலுள்ள சுரங்கம் வழியாகத்தான் ஓடுகிறது, நம் ஊர் ஓட்டுநரின் இடது காலுக்குப் பக்கத்திலேயே. குழாயின் ஜாயின்ட் கசிகிறதா, தாங்கி உடைந்து குழாய் மேலே ஏறித் தகரத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து இக்னிஷன் டைமிங், அதாவது எஞ்சினுக்குள் பொறி விழும் நேரம். அது பின்தங்கியிருந்தால் எரிபொருள் தாமதமாக எரியும். குழாய்க்குள் போகும் புகையின் சூடு கூடும். "கால் சுடுகிறது" என்று வரும் வண்டிகள் பலவற்றுக்கு ஃபோம் தேவைப்படுவதில்லை, டைமிங் விளக்குதான் தேவைப்படுகிறது. இரண்டும் சரி என்றால், சுரங்கத்துக்கும் குழாய்க்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். தகடு எதையும் ஒட்டாமல், இரு பக்கமும் 10 முதல் 15 மில்லிமீட்டர் காற்று இருக்க வேண்டும். சூட்டை அது பிறக்கும் இடத்தில் தடுப்பது மலிவு.

ஃபீனிக்ஸ்: 1969 கார்ட்டினா. கதவுக்குக் கீழுள்ள படிப் பெட்டிக்குள் டப்பா ஃபோம் அடித்துவிட்டால் ரோட்டுச் சத்தமும் வராது, துருவும் பிடிக்காது என்கிறார் காரின் தகர வேலை பார்க்கும் பேனல் பீட்டர். ஒரு நாளில் வேலை முடிந்துவிடுமாம். சம்மதிக்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். வண்டியை இன்றைக்கே திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே அடிக்க விற்கிறார்களே, அந்த நுரையைப் பற்றித்தான் பேசுகிறோம். இதைப் பற்றிக் கேள்வி வராத கோடை கிடையாது. கார்ட்டினாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. படிப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அதற்குள் தண்ணீர் வரும். கதவு ரப்பர் வழியாக வரும், சக்கரம் வாரி அடிக்கும் சேற்றோடு வரும், கடற்காற்றின் ஈரம் இரவில் உள்ளே குளிர்ந்து சொட்டும். வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அடியில் வடிகால் துளைகள் வைத்தார்கள். நுரை முதலில் அடைப்பது அந்தத் துளைகளைத்தான்.

இந்த நுரை காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். மூடிய பெட்டியின் ஆழத்தில் ஈரம் போதாமல் நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கும். இறுகிய பகுதியோ நாளடைவில் சற்றுச் சுருங்கி, தகரத்திலிருந்து மயிரிழை விலகும். அந்த மயிரிழையில் ஏறிய தண்ணீர் இறங்காது. உப்புக் காற்று வேறு. தகரம் உள்ளிருந்து வெளியே அரிக்கும். பெயின்ட் கொப்புளிப்பதை நீங்கள் பார்க்கும்போது உள்ளே தகரமே இருக்காது.

பிறகு வெல்டிங்குக்குக் கொண்டுபோவீர்கள். நெருப்புப் பொறி பட்டதும் நுரை பெட்டிக்குள்ளேயே எரியும், அணைக்கக் கை எட்டாது. அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். விவரம் தெரிந்த வெல்டர் வண்டியைத் தொடமாட்டார். விவரம் தெரியாதவர் தொட்டால் அவருக்கு ஆபத்து. இறுகிய நுரையைக் கரைத்து எடுக்க எந்தத் திரவமும் கிடையாது. பெட்டியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

"புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே நுரை வைக்கிறார்களே" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். வைக்கிறார்கள். துரு காணாத, பூச்சுக் கொடுத்த புதுத் தகரத்தில், கணக்குப் பார்த்த இடத்தில் மட்டும், தண்ணீர் போக வழி விட்டு வைக்கிறார்கள். 50 வயது தாண்டிய துருத் தகரத்துக்குள் குழாயை விட்டு டப்பா தீரும்வரை அடிப்பதும் அதுவும் ஒன்றா?

இவ்வளவுக்கும் சத்தத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். ரோட்டுச் சத்தம் சக்கர வளைவு வழியாகவும் தரை வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் வருகிறது. படிப் பெட்டியின் பங்கு சிறியது. வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். நீளக் குழாய் வைத்துத் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடியுங்கள். அந்த பேனல் பீட்டரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

பைன்டவுன்: இவ்வளவு செலவு செய்தும் ஃபோன் செயலியில் 75 டெசிபல் 72 ஆகத்தான் குறைந்தது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. 3 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது. ஆனால் நம் காதுக்கு அது சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். அதே ரோடு, அதே கியர், அதே டயர் காற்று வைத்துத்தான் அளந்தீர்களா? அதை எழுதவில்லையே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அப்பாவின் 1972 பீட்டில். பின்சீட்டுக்குப் பின்னால் மாட் ஒட்டி, தரை முழுவதும் ஃபோம் போட்டோம். சத்தம் குறைந்தது. ஆனால் போன குளிர்காலத்தில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது எனக்கும் அம்மாவுக்கும் தலைவலி. பசையின் வாடையா?

முதலில் அந்த ஹீட்டரைத் திறக்காதீர்கள். இது பசையாக இல்லாமலும் இருக்கலாம்.

பீட்டிலில் எஞ்சின் காற்றால் குளிர்கிறது. உள்ளே வரும் வெந்த காற்று, புகைக்குழாயைச் சுற்றியுள்ள கூட்டின் வழியாக வருகிறது. உள்குழாயில் துருத் துளை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உங்கள் முகத்துக்கு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலிதான் முதல் அடையாளம், அடுத்தது தூக்கம். முன்பு தரையிலும் கதவிலும் இருந்த இடுக்குகள் வழியாக வெளிக்காற்று வந்து கலந்திருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் நன்றாக அடைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ஹீட்டர் கூடுகளையும் எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பரையும் பீட்டில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு மணி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள்.

இன்னொன்று. பீட்டிலின் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் ஒட்டிய பியூட்டிலின் மேல்முகம் அலுமினியம், மின்சாரம் கடத்தும். சீட்டு ஸ்பிரிங் அழுந்தி பேட்டரி முனையில் பட்டு எரிந்த பீட்டில்கள் உலகம் முழுவதும் உண்டு. முனைகளுக்கு மூடி போடுங்கள், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வெள்ளி மாட் இருந்தால் கிழித்து எடுத்துவிடுங்கள். இனி எவர் மாட் ஒட்டினாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். 1979 வரை யூட்டன்ஹாக்கில் செய்த வண்டி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உங்கள் பிள்ளைகளும் ஓட்டலாம்.

மெரிபேங்க்: கார்ப்பெட் கடையில் மிஞ்சிய அண்டர்ஃபெல்ட் (வீட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில் விரிப்பது) இலவசமாகக் கிடைத்தது. தரையில் போடலாமா?

இலவசம் என்றால் எதையும் போடுவதா? அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், தரை ஓட்டையாகும். காருக்குள் போடும் பொருள் எளிதில் தீப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும். வீட்டு அண்டர்ஃபெல்ட் அப்படிச் செய்ததா என்று எவருக்குத் தெரியும்? படுக்கையறையில் போடுங்கள்.

வெருலம்: 1966 வேலியன்ட். எஞ்சின் தடுப்புச் சுவரில் பழைய சாம்பல் நிற அட்டை உதிர்கிறது. வயர் பிரஷ் போட்டுச் சுரண்டிவிட்டுப் புதிய ஃபோம் போடப் போகிறேன்.

பிரஷைக் கீழே வையுங்கள். அந்தக் காலத்து வெப்பத் தடுப்பு அட்டையில் கல்நார் இருக்கலாம். வட கேப் சுரங்க ஊர்களான பிரீஸ்காவிலும் குருமானிலும் அதைத் தோண்டியவர்களின் நுரையீரல் என்ன ஆனது என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2008-இல் தடை வந்தது. அதற்காகப் பழைய கார்களிலிருந்து அது தானாகப் போய்விடவில்லை. உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சிறு துண்டை நனைத்து, பையில் மூடி, ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கல்நார் என்று வந்தால் அதற்கென்று பதிவு பெற்றவர்தான் எடுக்க வேண்டும். இல்லை என்று வந்தால் உங்கள் பிரஷ், உங்கள் இஷ்டம்.

லெனேசியா: ஜூன் மாதம் கராஜில் பியூட்டில் மாட் ஒட்டினேன். தரை, கதவு, கூரை, ஓர் அங்குலம் விடவில்லை. பாதி உரிந்து தொங்குகிறது. மட்டமான சரக்கா?

சரக்கு மட்டமாக இருக்கலாம். ஆனால் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்காலக் காலையில் தகரம் ஐஸாக இருக்கும்போது பியூட்டில் பிடிக்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்களா? ஹீட் கன் வைத்து இளக்கினீர்களா? மேலே உள்ள புடைப்புக் கோலம் மறையும்வரை ரோலரால் அழுத்தினீர்களா?

ஓர் அங்குலம் விடாமல் ஒட்டச் சொன்னது விற்றவர்தானே? அவருக்கு அது வியாபாரம். பியூட்டில் தகரத்தின் அதிர்வைத்தான் அடக்கும். காற்றில் வரும் சத்தத்தை அடைக்காது. தகரத்தை விரலால் தட்டுங்கள். "டங்" என்று நீண்டு கேட்டால் நடுவில் ஒரு துண்டு. "டொக்" என்று நின்றுவிட்டால் போதும், அடுத்த இடத்துக்குப் போங்கள். 2 மில்லிமீட்டர் மாட் சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ வரும். முழுக்க ஒட்டினால் 35 கிலோ. கால்வாசி என்றால் 9 கிலோ. மிச்சப் பணத்தில் தரைக்குக் கனமான வினைல் விரிப்பு வாங்குங்கள், அடியில் ஃபோம் போட்டு, வெட்டு இல்லாமல் விரியுங்கள். அதற்கு முன்னால் கிளட்ச் கேபிள், ஒயர், ஸ்டியரிங் தண்டு போகும் துளைகளின் ரப்பர்களைப் பாருங்கள். ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது.

ஸ்டேங்கர்: டட்சன் 1200 பாக்கி (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி). கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம். உள்ளே எங்கே ஒட்டுவது?

வெளித்தகரத்தின் உள்முகத்தில், நடுவில், ஒரு முழப் பரப்புக்கு. பாக்கியின் பின்சுவரையும் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் முக்கியக் குற்றவாளி. கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகள் மேல் மாட் படக்கூடாது. கண்ணாடி இடுக்கு வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது வெளியேறியாக வேண்டும். உள்ளட்டைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். கிழிந்திருந்தால் புதிதாக வெட்டுங்கள்.

மவுன்ட் எட்ஜ்கூம்: சூடு குறைய எல்லாக் கண்ணாடிக்கும் கடும் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

சட்டப்படி முன்கண்ணாடியில் 70 விழுக்காடு வெளிச்சமும் மற்றவற்றில் 35 விழுக்காடு வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். கறுப்பு என்பதாலேயே சூடு குறையாது. வெயிலின் வெப்பக் கதிரைத் தடுக்கும் தெளிவான ஃபிலிம் கிடைக்கிறது, விலை கூடுதல். அதைப் பக்கக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் ஒட்டுங்கள். ஒட்டுபவர் தண்ணீர் நிறையத் தெளிப்பார். கதவு வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.