உப்புக்காற்றுக்கு எந்தக் கேமரா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மண்டபத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். இதுவரை செல்போனில்தான் படம் எடுத்தேன். தனுஷ்கோடி போகிற வழியில், கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் இறங்கும் பூநாரைகள் அதில் வெறும் புள்ளிகளாகத்தான் விழுகின்றன. விடியற்காலை மீன் ஏலத்தையும் எடுத்துவைக்க ஆசை. கடைக்காரர் லென்ஸ் மாற்றும் கேமராதான் சரி என்கிறார். அண்ணன் மகனோ, சட்டைப்பையில் அடங்குவதே போதும், பறவைதான் வேண்டுமென்றால் 3000 மி.மீ. ஜூம் வாங்குங்கள் அத்தை என்கிறான். கடலோரத்தில் கேமரா சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும் என்றும் சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?

ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள டீச்சர்,

பறவை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 24-ஐ மீட்டர் கணக்கில் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், படத்தின் உயரத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்று தெரியும். (சென்சார் என்பது ஒளியைப் படமாக்கும் தகடு. 36-க்கு 24 மி.மீ. உள்ள முழுச்சட்ட சென்சார் அளவுக்கு மாற்றிச் சொல்லும் மி.மீ.தான் கணக்கு, கேமராவின் விவரக்குறிப்பில் பெரும்பாலும் அந்த எண் இருக்கும்.) பூநாரை நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய 1.3 மீட்டர். அது 100 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். செல்போனின் 24 மி.மீ. லென்ஸில் படத்தின் உயரம் 100 மீட்டர்; பறவை அதில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் புள்ளிகள் அங்கிருந்துதான் வருகின்றன. 600 மி.மீ.யில் உயரம் 4 மீட்டர், பறவை மூன்றில் ஒரு பங்கு. கூட்டமாக நிற்கும் பூநாரைக்கு இது தாராளம்.

3000 மி.மீ.யில் உயரம் 0.8 மீட்டர்தான், பறவை முழுசாகச் சட்டத்துக்குள் நிற்காது. அவ்வளவு தூரம் நீளும் நிக்கான் பி 1000 கேமராவின் சென்சார் செல்போன் சென்சார் அளவில் சிறியது. ஜூமைக் கடைசிவரை நீட்டினால் லென்ஸின் திறப்பு எஃப் 8 ஆகிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும், ஒளி குறையும்). அந்தத் திறப்பில் ஓர் ஒளிப்புள்ளி பரவி ஏழெட்டு பிக்சல் அகலத்துக்கு வழிகிறது. போதாததற்குக் கானல். வெயில் ஏறி மணல் சூடாகிவிட்டால் கழிக்கு மேல் காற்று நெளியும். அதற்கு மேல் எந்த விலை லென்ஸும் தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோலத்தான் காட்டும். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் பறவைகளை எடுத்து முடித்துவிடுங்கள்.

கடைக்காரர் சொல்வதிலும் ஒரு பாதிதான் உண்மை. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சாரின் பரப்பு, கழற்றாத ஜூம் கேமராக்கள் சிலவற்றில் இருக்கும் 1 அங்குல சென்சாரைப்போல ஏறக்குறைய 3 மடங்கு. அவ்வளவுக்கு ஒளி கூடும் என்பது சரி, லென்ஸின் திறப்பு ஒன்றாக இருந்தால். ஏபிஎஸ்-சி கேமராவான கேனான் ஆர் 10-இல் கைக்கு அடங்கும் 100-400 மி.மீ. லென்ஸைப் போட்டால் அதன் நீண்ட முனையில் திறப்பு எஃப் 8. 1 அங்குல சென்சாரும் கழற்றாத லென்ஸும் கொண்ட சோனி ஆர்எக்ஸ் 10 நான்காம் மாடலில் 600 மி.மீ.யில் திறப்பு எஃப் 4. அதன் வழியே 4 மடங்கு ஒளி வருகிறது. பெரிய சென்சார் கொடுத்ததை இருண்ட லென்ஸ் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பறக்கும் பறவையின் கண்ணைப் பிடித்துத் தொடர்வதில் கேனான் கெட்டி, அதை மறுக்கவில்லை. ஆனால் சோனியைத் திறக்கவே வேண்டாம். தூசியும் ஈரமும் எளிதில் புகாதபடி மூட்டுகள் அடைக்கப்பட்டது அது. ஆடிக்காற்றில் தனுஷ்கோடி மணல் சாலையின் குறுக்கே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் மேல் மணல்தான்.

சட்டைப்பைக் கேமரா இந்தக் கரைக்கு வேண்டாம். ஆன் செய்ததும் நீளும் குழாய்களுக்கு நடுவே ஒரு மணல் துகள் போனாலே மோட்டார் சிக்கி, லென்ஸ் உள்ளே போகாமல் நின்றுவிடும்.

ஏலத்துக்கு வருவோம். பறவையைவிட இதுதான் கஷ்டம். இருட்டு, விளக்கு, அசையும் கைகள். ஆர் 10 கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸின் நீண்ட முனை எஃப் 6.3, விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல 12 மடங்கு ஒளி விடும். ஏபிஎஸ்-சியில் அது 80 மி.மீ. போல நடக்கும்: முகத்துக்கும் கைகளுக்கும் அருமை, கூட்டத்தைக் காட்ட இறுக்கம். சோனியின் அகல முனை எஃப் 2.4, அதுவும் சமாளிக்கும். எதுவானாலும், நம் கரண்டில் எரியும் எல்இடி விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வையுங்கள். ஈரச் செதிலில் விளக்கு பட்டு வெள்ளையாக வெளுத்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 குறையுங்கள், அப்போதுதான் சீலா மீனின் முதுகில் நீலம் நிற்கும்.

உங்கள் ஆசையில் பறவை முக்கால் பங்கு என்று கடிதத்தில் தெரிகிறது. அதனால் 1 அங்குல சென்சார், கழற்றாத பெரிய ஜூம். ஏலம்தான் முக்கியம் என்றால் ஆர் 10 உடலும் அந்த 50-ம் மட்டும். கிட் லென்ஸ் தேவையில்லை.

பூஞ்சைக்குப் பயப்படுவது நியாயம். கேமரா வாங்குமுன் ஒரு டப்பா வாங்குங்கள்: மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் ஓட ஆரம்பிக்கும். 30-க்குக் கீழே போனால் ரப்பர் வறளும். அரிசிப் பானைக்குள் மட்டும் வைக்காதீர்கள், அதன் மாவுத்தூசி மூட்டுகளில் ஏறிவிடும்.

கரையிலிருந்து திரும்பியதும் முதலில் ரப்பர் குமிழால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்து, குடிதண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடலை ஒற்றி எடுங்கள். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் உப்புப் பரலே கண்ணாடிப் பூச்சைக் கீறும். இரவு ஏசி அறையில் வைத்துவிட்டு விடியலில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும், நல்ல வெளிச்சம் போகிறவரை விலகாது. முதல் நாள் இரவே பையை ஏசி இல்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள்.

சோனி புதிதாகக் கைக்கு எட்டாவிட்டால் பழையது பார்க்கலாம். கடையிலேயே ஜூமை முழுக்க நீட்டி மடக்கி, நறநறவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்து, ஒட்டடை போன்ற நூல் தெரிகிறதா என்று சாய்த்துப் பாருங்கள். பிறகு பாட்டரி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தகடுகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.