வாசகர் கேள்வி பதில்: பிரெஞ்சு க்ரைம் படங்கள், டிஸ்க்கு, ரைட்ஸு

சார், பாரிஸ்ல இருக்கற எங்க சித்தப்பா லீவுக்கு வந்தப்ப பிரெஞ்சு டைரக்டர் மெல்வில்லோட 'லெ செர்க்கிள் ரூஜ்' ப்ளூரே கொண்டாந்து குடுத்தாரு. நம்ம ப்ளேயர்ல போட்டா கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் ப்ளே பண்ண முடியாதுன்னு எழுத்து வந்து நின்னுடுது. டிஸ்க்கு போச்சா?
- வாசகர், முத்தியால்பேட்டை

டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும், கவலைப்படாதீங்க. இது ரீஜன் கோடு பிரச்சனை. ப்ளூரேவுக்கு உலகத்த ஏ, பி, சின்னு மூணா பிரிச்சு வச்சிருக்காங்க, அமெரிக்கா ஏ, பிரான்ஸ் பி, நாம சி. டிவிடின்னா அமெரிக்கா 1, பிரான்ஸ் 2, இந்தியா 5. அட்டைக்குப் பின்னாடி ஒரு அறுகோணத்துக்குள்ள பி மட்டும் இருந்தா இந்தியாவுல வாங்கின சாதா ப்ளேயர் அத எடுத்துக்காது, எல்லா ரீஜனும் ஓடற மல்டி ரீஜன் ப்ளேயர்தான் வேணும். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ்ல ரீஜன் மாத்தலாம், ஆனா அஞ்சு தடவைதான், அதுக்கப்புறம் கடைசியா வச்சதுலயே நின்னுடும், அதனால சும்மா மாத்தி மாத்தி பாக்காதீங்க. 4கே யுஹெச்டி டிஸ்க்குக்கு இந்த ரீஜன் பிரிவே கிடையாது, ஆனா அதே பெட்டிக்குள்ள கூட வர்ற ப்ளூரேவுக்கு இருக்கலாம்.

இன்னொன்னு, பிரான்ஸ்ல விக்கறதுக்குன்னு போடற நிறைய டிஸ்க்குல இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்காது, காது கேக்காதவங்களுக்கான பிரெஞ்சு சப்டைட்டில் மட்டும்தான் இருக்கும். வீட்ல பிரெஞ்சு தெரிஞ்ச பெரியவங்க இருந்தா பக்கத்துல உக்கார வச்சுக்குங்க. அடுத்த தடவை சித்தப்பாகிட்ட சொல்லும்போது அட்டைய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பாத்துட்டு அப்புறம் வாங்கச் சொல்லுங்க.

ஒரே படத்த ஒரு வருஷம் ஒரு கம்பெனி போடுது, கொஞ்ச நாள் கழிச்சு அவுட் ஆஃப் பிரிண்ட்ங்கறாங்க, பழைய டிஸ்க்கு விலை கன்னாபின்னான்னு ஏறுது, அப்புறம் பாத்தா வேற கம்பெனி போடுது. ஏன் இப்படி?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

நம்ம தமிழ் படத்த எப்படி விப்பாங்க? சென்னை சிட்டி தனி, கோவை தனி, மதுரை-ராம்நாடு தனி, என்எஸ்சி தனி. என்எஸ்சின்னா வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுன்னு கடலூர்க்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கோவைக்கு வாங்கினவரு கடலூர் தியேட்டர்ல படம் போட முடியாது. டிஸ்க்கு வியாபாரமும் இதேதான், ஏரியாவுக்கு பதிலா நாடு, அவ்வளவுதான். நெகட்டிவும் மூல உரிமையும் பிரான்ஸ்ல ஒரு கம்பெனிகிட்ட இருக்கும், 'ரிஃபிஃபி' கோமோன்கிட்ட, 'லெ சாமுராய்' பாத்தேகிட்ட, உங்க முத்தியால்பேட்டை நண்பர் கேட்ட 'லெ செர்க்கிள் ரூஜ்' ஸ்டூடியோகனால்கிட்ட. அவங்க அமெரிக்காவுக்கு ஒருத்தருக்கு, இங்கிலாந்துக்கு ஒருத்தருக்குன்னு சில வருஷத்துக்கு மட்டும் லைசன்ஸ் குடுப்பாங்க. வருஷம் முடிஞ்சா புதுசா டிஸ்க்கு அடிக்கக் கூடாது. கையில இருக்கற ஸ்டாக் தீந்ததும் அவுட் ஆஃப் பிரிண்ட்.

பெருசா அடி விழுந்தது 2010ல. அமெரிக்காவோட கிரைட்டீரியன் கம்பெனிகிட்ட இருந்த ஸ்டூடியோகனால் படங்கள்ல ஒரு பெரிய கட்டு அந்த வருஷம் கைய விட்டுப் போச்சு, டைரக்டர் க்ளூஸோவோட 'லெ கொர்போ', 'கே தெ ஓர்ஃபெவ்ர்' ரெண்டும் அதுல அடக்கம். அப்புறம் ரெண்டாவது படம் கீனோ லார்பர்னு வேற கம்பெனிக்குப் போச்சு, 'லெ கொர்போ' சுத்தி வந்து திரும்ப கிரைட்டீரியன்லயே ப்ளூரேவா வந்துச்சு.

அந்த 'லெ கொர்போ' உரிமை கை மாறின கதைய கேட்டா தலை சுத்தும். 1943ல பாரிஸ் ஜெர்மன்காரங்க பிடியில இருந்தப்ப கான்டினென்டல்னு ஜெர்மன் பணத்துல நடந்த கம்பெனி எடுத்த படம். போர் முடிஞ்சதும் படத்துக்கும் தடை, டைரக்டருக்கும் தடை. அந்த கம்பெனி சொத்த பிரெஞ்சு அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதுல இருந்து யுஜிசின்னு ஒரு சினிமா கம்பெனி வந்துச்சு, கடைசில ஸ்டூடியோகனால் கேட்டலாக்குல சேந்துச்சு. ஊருக்குள்ள வர்ற மொட்டக்கடுதாசி பத்தின கதை, நம்ம ஊர் ஆளுங்களுக்கு உடனே பிடிபடும், ஆனா இந்தியாவுக்குன்னு ஒருத்தரும் டிஸ்க்கு போடல. படம் தொலையல, நல்ல பிரிண்டும் இருக்கு. இந்த ஏரியாவ வாங்க ஆள் இல்ல, அதுதான் விஷயம். எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு.

விலை பத்தி கேட்டீங்க. பழைய டிஸ்க்குக்கு மூணு மடங்கு, நாலு மடங்கு குடுக்காதீங்க, பொறுங்க. 'லெ செர்க்கிள் ரூஜ்' கிரைட்டீரியன்ல 2003ல டிவிடி, 2011ல ப்ளூரே, நடுவுல கிடைக்காம போயி 2022ல 4கே வந்துச்சு. காத்திருந்தவங்களுக்குத்தான் நல்ல காப்பி கிடைச்சுது.

4கே ரெஸ்டோரேஷன்னு போட்டு விக்கறாங்களே, அதுல என்னதான் பண்றாங்க? என் கண்ணுக்கு பழைய டிவிடி வழவழன்னு நல்லா இருக்கு, புதுசுல திரை முழுக்க பொடிப்பொடியா தெரியுது, கலரும் மாறியிருக்கு.
- கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

அந்தப் பொடிதாம்மா படம். பிலிம்ல ஒளி பட்டு உருவாகற வெள்ளித் துகளும் சாயமும்தான் அந்த க்ரெய்ன், மனுஷன் முகம், சுவரு, புகை எல்லாமே அதுலதான் இருக்கு. அத கம்ப்யூட்டர்ல வழிச்சு எடுத்தா கூடவே தோல் சுருக்கமும் கோட்டு துணியோட நெசவும் போயிடும், முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆயிடும். உங்க பழைய டிவிடி வழவழன்னு இருக்கறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், 720க்கு 576 புள்ளியில அவ்வளவு நுணுக்கம் அடங்காதுங்கறதும் காரணம்.

வேலை எப்படி நடக்குதுன்னா, மொதல்ல கேமராவுல ஓடின ஒரிஜினல் நெகட்டிவ் எங்கன்னு தேடணும், இல்லன்னா அதுல இருந்து எடுத்த அடுத்த காப்பி. 1950 வரைக்கும் வந்த பிலிம் பெரும்பாலும் நைட்ரேட், தீப்பிடிச்சா அணைக்கவே முடியாது. அதுக்கப்புறம் வந்த அசிடேட் அவ்வளவு சுலபத்துல எரியாது, ஆனா சூடும் ஈரமும் பட்டா வினிகர் வாடை அடிக்க ஆரம்பிச்சு சுருங்கிடும். கிடைச்ச நெகட்டிவ கையால சுத்தம் பண்ணி, கிழிஞ்ச ஓட்டைய ஒட்டி, ஸ்கேனர்ல ஒவ்வொரு பிரேமா எடுப்பாங்க. கீறல் இருந்தா ஒரு திரவத்துல நனைச்சு ஸ்கேன் பண்றதும் உண்டு, அந்த திரவம் கீறலுக்குள்ள நிறைஞ்சு கோடு தெரியாம பண்ணிடும். அப்புறம் தூசி எடுக்கறது, ஆட்டத்த நிறுத்தறது, கடைசியாதான் கலர்.

கலர்லதான் சண்டையே. கலர் பிலிம்ல மூணு சாயமும் ஒரே வேகத்துல மங்காது, அதனால பழைய பிரிண்ட அப்படியே நம்ப முடியாது. அப்ப யாரக் கேக்கறது? படம் எடுத்த கேமராமேன் இருந்தா அவர. மெல்வில்லோட 'ஆர்மி ஆஃப் ஷேடோஸ்' 1969 படத்த 2004ல ரெஸ்டோர் பண்ணினப்ப கேமராமேன் பியர் லோம் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாரு. 'லெ சாமுராய்'க்கு அந்தக் குடுப்பினை இல்ல, கேமராமேன் ஆன்றி தெக்காய் 1987லயே இறந்துட்டாரு, பாத்தேவும் கிரைட்டீரியனும் சேந்து பண்ணின 4கே டிஸ்க்கு 2024லதான் வந்துச்சு. கலர்ல எடுத்தாலும் கறுப்பு வெள்ளை மாதிரி இருக்கணும்னு மெல்வில் ஆசைப்பட்ட படம் அது, சாம்பலும் நீலமும் ஒரு துளி கூடக் குறைய தப்பாப் போச்சுன்னா ஹீரோ அலன் தெலோன் படுத்திருக்கற அந்த ரூமே வேற ரூம் ஆயிடும். சில லேப்ல எந்தப் படம் குடுத்தாலும் மஞ்சளும் பச்சையுமா வருதுன்னு பாக்கறவங்க கோபப்படறதுல நியாயம் இருக்கு, வெள்ளைச் சட்டை வெள்ளையா இருக்கான்னு பாருங்க, அதுதான் நல்ல சோதனை.

சத்தத்தையும் கவனிங்க. 'ரிஃபிஃபி'ல நகைக்கடைக்கு மேல் மாடியில தரையத் தொளைக்கற கட்டம், கிட்டத்தட்ட அரை மணி நேரம் பேச்சும் இல்ல மியூசிக்கும் இல்ல. ஓட்டை வழியா ஒரு குடைய கீழ விட்டு விரிச்சு, விழற காரைத்தூளு தரையில விழாம அதுல பிடிப்பாங்க. அந்தத் தூளு குடைத்துணியில விழற சத்தம் கேக்கணும். இரைச்சல எடுக்கறேன்னு ஓவரா தேச்சா அதுவும் சேந்து செத்துப் போயிடும், கட்டமே பாழ்.

என் டிவிடில 'லெ செர்க்கிள் ரூஜ்' ஆறு நிமிஷம் கம்மியா இருக்கு, வெட்டிட்டாங்களா?
- வாசகர், நெல்லித்தோப்பு

வெட்டல. சினிமா செகண்டுக்கு 24 பிரேம், ஐரோப்பா டிவிடி 25 பிரேம், அதனால 140 நிமிஷப் படம் 134 நிமிஷத்துல முடிஞ்சிடும், குரலும் லேசா கீச்சுன்னு இருக்கும். ப்ளூரேவுல சரியா ஓடும். நெசமாவே வெட்டின காப்பியும் உண்டு, ஒரு காலத்துல அமெரிக்காவுல 99 நிமிஷமா டப் பண்ணி ஓட்டினாங்க, முழுப் படம் அங்க தியேட்டருக்கு வந்தது 2003லதான்.

எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, பிரான்ஸ்ல இருந்து வந்தப்ப டிவியில பதிவு பண்ணின விஹெச்எஸ் கேசட்டு ஒரு பொட்டி கொண்டாந்தாரு, க்ரைம் படம், குடும்ப விசேஷம் ரெண்டும் கலந்து இருக்கு. இங்க போட்டா கலர் படம் கூட கறுப்பு வெள்ளையா தெரியுது. சரி பண்ண முடியுமா?
- வாசகி, குருசுக்குப்பம்

முடியும்மா. அது செக்கம் முறையில பதிவானது, பிரான்ஸ் டிவி அப்ப அதுலதான் ஓடுச்சு. நம்மது பால் (PAL)ங்கற முறை. பால் விசிஆர் படத்த மட்டும் எடுக்கும், கலர படிக்கத் தெரியாது. கலரு கேசட்டுல பத்திரமா இருக்கு, செக்கம் படிக்கற விசிஆர் வச்சிருக்கறவங்ககிட்ட குடுத்து டிஜிட்டலா மாத்தணும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. மூடிய தூக்கி டேப்ப வெளிச்சத்துல பாருங்க, சுருள் ஓரத்துல வெள்ளையா பூத்திருந்தா பூஞ்சை, நம்ம கடக்கரை ஈரத்துக்கு அது சீக்கிரமே வரும். அப்படி இருந்தா தயவுசெஞ்சு ஓட்டிப் பாக்காதீங்க, ஹெட்டும் கெடும், அடுத்து போடற கேசட்டுக்கும் பரவும், சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்டயே குடுங்க.

காசு எல்லாத்துக்கும் பத்தாதுன்னா படங்கள விட்டுடுங்க. அதெல்லாம் நெகட்டிவ்ல இருந்து உங்க கேசட்ட விட பல மடங்கு நல்லா வந்தாச்சு. தாத்தா எடுத்த கல்யாணம், பேர் வைக்கற விசேஷம், அதுக்கு உலகத்துல இந்த ஒரே காப்பிதான், மொதல்ல அத மாத்துங்க.

இந்தியாவுல படத்துக்கு காப்பிரைட் 60 வருஷம்தானே, 'ரிஃபிஃபி'க்கு தமிழ் சப்டைட்டில் போட்டு யூட்யூப்ல ஏத்தலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ஆசை நல்ல ஆசை, ஆனா ஏத்தாதீங்க. நம்ம 1957 சட்டப்படி சினிமாவுக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம்ங்கறது சரி, 1955 படத்துக்கு 2015 கடைசில முடியும். ஆனா அது சினிமாங்கற பொருளுக்கு மட்டும். கதையும் மியூசிக்கும் தனி கணக்கு, மியூசிக் போட்ட ஜார்ஜ் ஓரிக் இறந்தது 1983, அவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம்னு பாத்தா 2043 ஆகும். பிரான்ஸ் கணக்கு இன்னும் நீளம், டைரக்டர், கதை, வசனம், மியூசிக்னு இவங்கள்ல கடைசியா இறந்தவரு காலத்துக்கு அப்புறம் 70 வருஷம். 'ரிஃபிஃபி' டைரக்டர் ஜூல்ஸ் டாஸின் 2008ல இறந்தாரு, ஆக 2078 வரைக்கும் அங்க உயிரோட இருக்கற உரிமை. யூட்யூப் நெல்லிக்குப்பத்துல மட்டும் ஓடாதுல்ல.

பணத்துக்கு மேல அங்க படைச்சவனோட மானத்துக்குன்னு ஒரு உரிமை உண்டு, அதுக்கு காலக்கெடுவே கிடையாது. ஜான் ஹூஸ்டனோட 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' அமெரிக்க க்ரைம் படம், கறுப்பு வெள்ளை, அதுக்கு கலர் அடிச்சு பிரெஞ்சு டிவியில போடப் பாத்தாங்க. ஹூஸ்டன் பிள்ளைங்க கேஸ் போட்டாங்க, 1991ல பிரான்ஸ் உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. ஒரு படத்துமேல கை வைக்கறதுக்கு முன்னாடி எடுத்தவன நினைக்கணும்னு ஒரு நாடு சட்டமாவே வச்சிருக்கு பாருங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்ச விஷயம். தமிழ் சப்டைட்டில் பண்ற திறமை இருந்தா கோமோனுக்கே எழுதிக் கேளுங்க, அனுமதியோட உங்க பேரும் வர்ற மாதிரி பண்ணலாம்.

நாங்க நாப்பது பேர் சேந்து ஒரு ஹால்ல ப்ளூரே போட்டு மெல்வில் படம் பாக்கலாமா? டிக்கெட் கிடையாது.
- பிலிம் கிளப் நண்பர்கள், புதுச்சேரி

டிக்கெட் இல்லன்னாலும் அது வீட்டுக்கான டிஸ்க்குதான், பொது இடத்துல போடறதுக்கு தனி அனுமதி வேணும். பிரெஞ்சு அரசாங்கத்தோட இன்ஸ்டிட்யூட் ஃபிரான்ஸே வெளிநாட்டுல காசு வாங்காம திரையிடறதுக்குன்னு நிறைய படத்தோட உரிமைய எடுத்து வச்சிருக்கு, ஐஎஃப் சினிமான்னு பேரு, அலியான்ஸ் ஃபிரான்சேஸ் மாதிரி இடங்க மூலமா கிடைக்கும். நீங்க இருக்கறது பாண்டி, சூஃப்ரேன் வீதியில 1889ல இருந்து அலியான்ஸ் இருக்கு. நேர்ல போயி, எந்தப் படம், என்ன தேதி, எத்தனை பேருன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. மெல்வில் படம் அந்த லிஸ்ட்ல இல்லன்னா எந்த கம்பெனிகிட்ட கேக்கணும்னு விசாரிங்க, டிஸ்க்கு அட்டையிலயே பேரு போட்டிருக்கும். பதில் வர நாளாகும், அதனால தேதிய ரெண்டு மாசம் தள்ளியே வைங்க.