அமெரிக்க மத்திய அரசில் 'அப்ரோப்ரியேஷன்ஸ் லா' (அரசு நிதி ஒதுக்கீட்டுச் சட்டம்) பயிற்சி என்கிறார்களே, அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

அடிப்படை மூன்றே கேள்விதான்: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எதற்காகப் பணம் ஒதுக்கியது, எந்தக் காலத்துக்கு, எவ்வளவு?

சிக்கல் நடைமுறையில்தான். நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. 28-ஆம் தேதி, மீதிப் பணம் வீணாகிறதே என்று அடுத்த ஆண்டுத் தேவைக்கு நாற்காலி வாங்கிப் போட முடியாது. அது இந்த ஆண்டின் உண்மையான தேவையாக இருக்க வேண்டும். ஊழியர்கள் குடிக்கும் காபிகூடப் பொதுவாக அவரவர் சொந்தச் செலவுதான். (புதிதாக வருபவர்கள் இதை லேசில் நம்ப மாட்டார்கள்.)

ஒதுக்கியதை மீறிச் செலவுக்கு ஒப்புக்கொண்டால் ஆன்டிடெஃபிஷியன்சி சட்டம் பாயும். விஷயம் ஜனாதிபதிக்கும் காங்கிரஸுக்கும் அறிக்கையாகப் போகும். தெரிந்தே, வேண்டுமென்றே செய்திருந்தால் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

பயிற்சியில் சேருவதற்கு முன், அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ வெளியிடும் 'ரெட் புக்'கைப் புரட்டிப் பாருங்கள்; இந்தச் சட்டத்தை விளக்கும் நூல் அது. இணையத்தில் இலவசம்.