புதிதாக வந்த எல்ம் போன்சாய் இலை கொட்டுகிறது: உடனே தொட்டி மாற்றலாமா?

கேள்வி: எனக்குப் பரிசாக ஒரு சீன எல்ம் போன்சாய் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. மண் களிமண் போல இறுகிக் கிடக்கிறது, மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கூடத்தில் மேசை மேல் வைத்து, தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். உடனே தொட்டியையும் மண்ணையும் மாற்றிவிடலாமா? மரம் பிழைக்குமா?

பதில்: தொட்டியை இப்போது மாற்ற வேண்டாம். இலை கொட்டுவதைப் பார்த்ததும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் புதிதாக வந்த எல்ம் மரங்களில் பல, வந்த நோயால் சாவதில்லை. வந்த மாதமே வேரை வெட்டி, கிளையை வெட்டி, உரம் போட்டு, மருந்தும் அடித்து எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்வதால்தான் சாகின்றன. முதலில் மரம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு சிறு கிளையின் நுனிக்குப் பக்கத்தில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே, அப்புறம் கிளை தொடங்கும் இடத்தில், கடைசியாக அடிமரத்தில் பாருங்கள். நுனிகள் காய்ந்திருந்தாலும் அடிமரம் பச்சையாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். முதிர்ந்த மரப்பகுதியிலிருந்தும் சுலபமாகத் துளிர்ப்பது எல்மின் நல்ல குணம்.

கொட்டிய இலைகளையும் கையில் எடுத்துப் பாருங்கள். கிளையின் உட்பக்கத்து இலைகள் மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தால் பெரும்பாலும் இடம் மாறிய அதிர்ச்சி, அல்லது வெளிச்சக் குறைவு. இலை பச்சையாகவே மொறுமொறுவென்று காய்ந்து கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், மரம் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துபோயிருக்கிறது. இலை கறுத்துத் துவண்டு, மண்ணில் புளித்த வாடையும் அடித்தால் வேர் அழுகுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகை போலத் தெரிகிறது. இரண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

வந்திருப்பது எல்ம்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், பெயர் மாறி விற்கப்படுவதும் உண்டு. எல்ம் இலையின் ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். காம்பில் சேரும் இடத்தில் இலையின் இரு பாதிகளும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் சற்றே இறங்கியிருக்கும். எல்முக்கு உறவான ஜெல்கோவா மரத்தின் இலையில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம், நுனியும் கூர்மை. பளபளப்பான கரும்பச்சை இலையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஃபூக்கியன் டீ என்ற வேறொரு போன்சாய் மரம். அதற்குக் குளிர் ஆகவே ஆகாது.

இனி தண்ணீர். உங்கள் மரத்தின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். விற்பனைக்கு வரும் சீன எல்ம் மரங்களில் பல சீனாவில் களிமண்ணில் வளர்ந்து கப்பலில் வருபவை. பயணத்தில் மண் சிந்தாமல் இருக்கத்தான் மேலே கல்லை ஒட்டுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு மரத்தில் அந்தக் கல் படலத்தைப் பெயர்த்தபோது, மேலே ஒரு விரலளவு மட்டும் நனைந்திருந்தது. அதற்குக் கீழே மண் தூளாக, வெளுத்துப்போய்க் கிடந்தது. தினமும் ஊற்றிய தண்ணீரெல்லாம் தொட்டியின் ஓரமாகவே வழிந்து போயிருக்கிறது. நீங்கள் ஊற்றும் அரை டம்ளரும் அப்படித்தான் போகிறதோ என்று சந்தேகப்படுகிறேன்.

அதனால் முதல் வேலையாக அந்தக் கற்களை எடுத்துவிடுங்கள். ஒரு குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பினால் பாளம் பாளமாக வந்துவிடும். அடிமரத்துக்குப் பக்கத்தில் மட்டும் மெதுவாகச் செய்யுங்கள், மேல்வேர் உரிந்துவிடக் கூடாது. பிறகு மெல்லிய மரக்குச்சியை மண்ணில் 3 செ.மீ. ஆழம் வரை செருகி, 10 நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி கறுத்து ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். உலர்ந்தோ லேசான ஈரத்தோடோ வந்தால் ஊற்றுங்கள்.

உள்ளே காய்ந்திருந்தால் இந்த முதல் தடவை ஊற்றுவது போதாது. ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மண்ணின் மேல்மட்டம் மூழ்கும்படி தொட்டியை இறக்கி வையுங்கள். குமிழிகள் கிளம்பும். அவை நிற்கும் வரை இருக்கட்டும். வெளியே எடுத்ததும் தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வைத்தபோது சொட்டு நின்றுவிட்ட தொட்டியிலிருந்தும், சாய்த்ததும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். களிமண்ணில் வேர் மூச்சுவிட இது பெரிய உதவி. இதை தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். அடுத்தடுத்த நாட்களில் குச்சியைப் பார்த்து, தேவைப்படும்போது அடித்துளை வழியே தண்ணீர் வெளிவரும் அளவுக்கு மேலிருந்து ஊற்றினால் போதும். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இலையில் தண்ணீர் தெளிப்பது வேருக்கு ஊற்றுவதற்கு ஈடாகாது.

அடுத்து, கூடத்து மேசை. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் மரத்துக்கு இருட்டு. சீன எல்ம் வீட்டுக்குள் வளரும் மரம் என்றே விற்கப்பட்டாலும் அது வெளியில் வளரும் மரம்தான், சன்னல் ஓரத்தில் சமாளித்துக்கொள்ளும், அவ்வளவே. வெளியே வைக்க வசதி இருந்தால் வையுங்கள். ஒரே நாளில் உச்சி வெயிலுக்குத் தள்ளாமல், முதலில் நிழலிலும், பிறகு காலை வெயிலிலுமாக ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். வெளியே உறைபனிக் காலம் என்றால், இதுவரை வீட்டுக்குள் இருந்த மரத்தை அது முடியும் வரை வெளியே கொண்டுபோக வேண்டாம். உள்ளேதான் என்றால் நல்ல வெயில் வரும் சன்னலை ஒட்டி வையுங்கள். இடத்தை முடிவு செய்த பிறகு மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

உரம் இப்போது வேண்டாம். புதுத் துளிர் வந்து இலை முற்றிய பிறகு, பாதி அளவில் தொடங்கலாம். பூச்சியைக் கண்ணால் பார்க்காமல் மருந்தும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டினால், செம்பேன் (இலைச்சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி) இருந்தால் ஊரும் புள்ளிகளாகத் தெரியும். அப்படியிருந்தால் முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிப் பாருங்கள்.

தொட்டி மாற்றுவதற்கு ஏற்ற நேரம், குளிர் விலகி மொட்டுகள் உப்பும்போது, அவை விரிவதற்கு முன்பு. அப்போது மரம் தெம்பாக இருந்தால் வேரில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டி, அக்கடாமா (ஜப்பானியக் களிமண் குருணை), பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) போன்ற குருணைக் கலவையில் வையுங்கள். தூளைச் சலித்து நீக்கிவிடுங்கள். பழைய களிமண் முழுவதையும் ஒரே தடவையில் கழுவி எடுக்க நான் துணிய மாட்டேன். இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்வேன். புளித்த வாடை அடித்து, தண்ணீரும் இறங்காமல் நின்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். வேரைக் கலைக்காமல் அப்படியே தூக்கி, சற்றுப் பெரிய தொட்டியில் குருணைக் கலவைக்கு நடுவே வைத்துவிடுங்கள்.

இன்று பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று: கம்பி. கிளைகளில் கம்பி சுற்றியிருந்து அது பட்டையில் அழுந்தியிருந்தால், சுற்றி உருவாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கவாத்து பிறகு. புதுக் கொழுந்து 6 முதல் 8 இலை வரை நீண்டதும் 2 இலை விட்டு வெட்டலாம். எல்மில் இலைகள் மாறி மாறி இருப்பதால், கடைசியாக விட்ட இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை போகும். அதைப் பார்த்தே கத்தரியை வையுங்கள்.