பதில்: புனேயிலிருந்து கோவைக்குக் காரில் வீடு மாற்றம்

சாமானை லாரியில் ஏற்றிவிட்டு, இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போடும் அம்மா என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரே மூச்சில் வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஹூப்ளியிலோ தாவணகெரேயிலோ இருட்டுவதற்குள் அறை போட்டுவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் கிளம்பினால் பெங்களூரு நெரிசலில் கொஞ்ச நேரம் போனாலும், தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் கணவாயை வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம், அங்கே கியரைக் குறைத்து, பாரம் ஏற்றிய லாரிகளை ஒட்டாமல் வாருங்கள்.

சாமான் லாரி உங்களுக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாய், போர்வை, குக்கர், பக்கெட், கட்டிலில் கழற்றிய நட்டு போல்ட்டுகள், ஸ்பேனர் எல்லாம் உங்கள் டிக்கியில் இருக்கட்டும். பிள்ளைகளின் டி.சி., நகை, பத்திரம் கையோடு. இன்சுலின் ஐஸில் நேரடியாகப் படக்கூடாது. சாப்பிட இறங்கும்போது இன்சுலின் பையும் கூடவே இறங்கணும், வெயிலில் பூட்டிய கார் அடுப்பு மாதிரி.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள், புனேயிலேயே ஒப்படைத்துச் சீட்டு வாங்குங்கள். அப்புறம், எம்.எச். (மகாராஷ்டிரப் பதிவு) வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் ஓடுவதென்றால் மறுபதிவு வேண்டும், அதற்குப் புனே ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று கேட்கணும். கார் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை, இதைக் கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.