புரோக்கன் ஹில்லுக்குக் குடிவரும் தம்பிக்கு

தம்பி, மனைவிக்கு ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான இந்த புரோக்கன் ஹில்லின் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பொட்டலில் தனியாகிவிடுவோமோ என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன். தனிமை பெரிய பிரச்சினை இல்லை. தூசிதான் பிரச்சினை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1883-இல் ஆட்டுப்பண்ணை எல்லையைச் சுற்றிவரும் வேலையில் இருந்த சார்லஸ் ராஸ்ப், இங்கிருந்த மேட்டில் வெள்ளீயம் இருக்கும் என்று நினைத்து இடத்தைப் பதிவு செய்தார். கிடைத்தது வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும். அந்தச் சுரங்க மேடு இன்றும் ஊருக்கு நடுவிலேதான் கிடக்கிறது, மண்ணிலும் தூசியிலும் ஈயம், குழந்தைகளுக்கு அது விஷம். உங்கள் பிள்ளைக்கோ எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயது. அதனால் வீட்டைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கத்தை இங்கே விடவே விடாதீர்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது சமையலறையை அப்புறம் பாருங்கள். முதலில் முற்றத்தில் புல் இருக்கிறதா, வெறும் மண்ணா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவை இலவசமாகப் பார்க்கிறார்கள். வந்த வாரமே கூட்டிப்போங்கள்.

இனி மனிதர்கள். இங்கே பிறந்தவர்களுக்கு 'ஏ குரூப்' என்று பெயர். நாமெல்லாம் எத்தனை வருஷம் இருந்தாலும் வெளியூர்தான். முதலில் எனக்குக் கோபம் வந்தது, சொல்லப்போனால் இந்த ஊரில் எல்லோருடைய தாத்தாவும் வெளியூர்தானே! ஒட்டகம் ஓட்டி வந்த ஆப்கானியரும் இந்தியரும் எழுப்பிய தகரப் பள்ளிவாசல்கூட இன்னும் நிற்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. ஒரு வருஷம் கையை மட்டும் ஆட்டினார். 1919-இல் தொடங்கி 18 மாதம் நீண்ட வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் கேட்ட அன்றுதான் வேலியோரம் வந்து நின்றார். வாரத்துக்கு 35 மணி நேர வேலையை வென்ற கதையை, தானே முன்னின்று நடத்தியதுபோல் சொன்னார். மறுநாள் சுரங்கக் கழிவு மேட்டின் மேல் இருக்கும் நினைவிடத்துக்குக் கூட்டிப்போனார். சுரங்கத்தில் உயிர்விட்ட 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே உண்டு. ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்பதும் உண்டு. ஒரு பெயரில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் வீட்டுக் கதவு எங்களுக்குச் சாத்தியதில்லை.

கோயிலுக்கும் நம் மளிகைக்கும் அடிலெய்டு போக வேண்டும், சுமார் 500 கிலோமீட்டர். பழகிவிடும். வீடு திடீரென்று லேசாக அதிர்ந்தால் பயப்படாதீர்கள், கீழே வெடி வைக்கிறார்கள். தெருப் பெயர்கள் ஆக்ஸைடு, குளோரைடு, சல்பைடு என்றிருக்கும். பிள்ளைக்கு வேதியியல் இனாம்.

சிட்னி இருக்கும் அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம்தான் என்றாலும் ஊர்க் கடிகாரம் பக்கத்து மாநிலத்து அடிலெய்டு நேரத்தில் ஓடும், சிட்னிக்கு அரை மணி பின்னால். மனைவியை முதல் ஷிஃப்டுக்கு முன்னாலேயே கைபேசி நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.